மரியம்மாவின் ஏச்சு களவுபோன விபரம்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வசிக்கும் சகல பொதுமக்களுக்கும், விசேடமாக எழுதுகிறவர்களுக்கும், எழுதியதை எடுக்கிறவர்களுக்கும், இரண்டையும் செய்யாமல் விழாக்களில் முன்வரிசைக் கதிரைகளில் அமர்கிறவர்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: உட்துறைமுக வீதியில் வசிக்கும் பேணாட் என்பவருடைய காலஞ்சென்ற மனைவி மரியம்மாவின் ஏச்சு, சென்ற வருடம் வைகாசி மாதத்தில், ஒரு வசனத்தின் நடுவில், அவருடைய குசினியிலிருந்து களவுபோனது. இது எந்த அறிக்கையிலும் பதியப்படவில்லை. இந்த ஊரில் இதைவிடப் பெரியவை, ஆட்களும்கூட, காணாமற்போய், அவற்றுக்கே பதில் சொல்ல ஒருவரும் அகப்படாதபோது ஓர் ஏச்சுக்காக அரசாங்கத்தைக் குறை சொல்வது முறையல்ல. ஆகவே விபரத்தை இங்கே எழுதி வைக்கிறோம்.

பேணாட் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். வருகிற கப்பல்களின் பெயரை எழுதுவது வேலை. கப்பல்கள் அவ்வளவாக வராதபடியால் மீதி நேரத்தில் இலக்கியம் செய்தார். துரு என்று பொருள்படும் 'கறள்' என்ற பெயரில் ஒரு வலைப்பூ வைத்திருந்தார். ஊரிலுள்ள மற்ற எல்லோரும் வலைப்பூக்களைப் பூட்டிவிட்டு முகநூலுக்கும், அங்கிருந்து வேறெதற்கோவும் குடிபெயர்ந்த பிறகும், கடைசி பஸ் போனது தெரியாமல் தரிப்பிடத்தில் நிற்பவரைப்போல அவர் அங்கேயே நின்றார். கடலைப் பற்றி எழுதினார், காலத்தைப் பற்றி எழுதினார், கடலுக்கும் காலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மிக நீளமாக எழுதினார். வருகை தந்தோர் தொகையைக் காட்டும் சிறு பெட்டியொன்று பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. அது கூடவேண்டும் என்பதற்காக அலுவலகக் கணினியிலிருந்து தானே போய்ப் பார்த்ததும் உண்டு. பார்த்ததோடு சரி, வாசித்ததில்லை. எழுதியவர் ஏன் வாசிக்கவேண்டும்? மரியம்மாவும் அதைத் திறந்து பார்த்ததில்லை. "வீட்டில ஒரு பேணாட் இருக்கிறது எனக்குக் காணும்" என்பதுதான் அந்த வலைப்பூவுக்குக் கிடைத்த ஒரேயொரு விமர்சனம்.

மரியம்மா ஒரு மாரிகாலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றார். அதையும் பேணாட் செய்த குற்றமாகவே சொல்லி, ஆஸ்பத்திரியில் அந்த வழக்கை முடிக்காமல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் சனம் வந்தது, பிறகு நின்றது. குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்குவதையும் உறுமி நிற்பதையும் பேணாட் ஒரு சம்பாஷணையாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்து, 'மரியம்மா ஏசுகிறாள்' என்று தலைப்பிட்டு, மனைவி குசினிக்குள் நின்று இத்தனை வருடமும் ஏசியதை ஏசியபடியே எழுதி வலைப்பூவில் போட்டார். அவருடைய எழுத்திலேயே கடலும் காலமும் இல்லாத முதல் ஆக்கம் அது. ஏச்சுக்குள் அவற்றைப் புகுத்த இடம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை குசினி ஏசத் தொடங்கியது. ஆளில்லை, நிழலில்லை, வாசனைகூட இல்லை. குரல் மட்டும் அடுப்பங்கரைப் பக்கமாக நின்று சொன்னது: "இஞ்சருங்கோ பேணாட், பாரை மீன் வாங்கச் சொன்னா பஞ்சை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீங்கள். அமத்திப் பாத்தனீங்களோ? செவிளைத் தூக்கிப் பாத்தனீங்களோ? விக்கிறவன்ர மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு வந்திருப்பீங்கள்." பேணாட் சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு மரியம்மா இருந்த காலத்தில் செய்ததையே செய்தார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அயலவர்களும் பெரிதாக எடுக்கவில்லை. மான்கள் பஸ் நிலையத்தில் வரிசையில் நின்று சோற்றுப் பார்சல் கடதாசி தின்கிற ஊர் இது. இங்கே ஒரு குசினி ஏசுவதை ஆரும் ஓடிவந்து பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கும் ஜெஸ்மின் மட்டும் வேலியால் எட்டிப் பார்த்து, "அக்கா வந்திட்டா போல. இனி நீங்கள் மெலிய மாட்டீங்கள் அண்ணன்" என்றார். உண்மைதான். பேணாட் அந்த மாதங்களில் நேரத்துக்குச் சாப்பிட்டார். குளிர்சாதனப் பெட்டியோடு பேசுவதை விட்டார்.

வைகாசியில் ஒரு காலை குரல், "ஈரத் துவாயைக் கதிரையில போடாதேங்கோ எண்டு எத்தினை தரம்" என்று சொன்னது. அவ்வளவுதான். மீதி வரவில்லை. மீதி என்னவென்று பேணாட்டுக்குத் தெரியும், எழுதியவரே அவர்தான். ஆனாலும் குசினி வாசலில் நின்று காத்திருந்தார். அலுவலகத்துக்குப் பிந்திப் போனார். பின்னேரம் வந்து திரும்பவும் நின்றார். அந்தக் கிழமை முழுக்க ஈரத் துவாய்களைக் கதிரை கதிரையாகப் போட்டுப் பார்த்தார். பழுதான மீன் தேடி வாங்கினார். குசினி ஒன்றும் சொல்லவில்லை. துவாய்கள் பூஞ்சணம் பிடித்தன.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஜெஸ்மின். சாம்பல்தீவில் இரும்புக்கடை வைத்திருக்கும் சொல்லரசு சிவரூபனுடைய புத்தகத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த அவர், அச்சுப்படியைத் திருத்தக் கொடுப்பதற்காக அந்த வீட்டுக்குப் போயிருந்தார். சொல்லரசு என்பது சிவரூபனுக்கு ஓர் இலக்கிய மன்றம் வழங்கிய பட்டம். அந்த மன்றத்தின் தலைவரும் பொருளாளரும் சிவரூபன். தெரிவுக்குழுவில் வேறு ஆட்களும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

"அண்ணன், நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்கக்கூடாது. உங்கட மனிசி சொல்லரசர்ட வீட்டுக் குசினியில நிக்கிறா."

"என்ன கதை கதைக்கிறீங்கள் ஜெஸ்மின்!"

"நிண்டு ஏசுறா. அதுவும் மீனுக்கு. அவர் சுத்த சைவம் அண்ணன், முட்டை போட்ட கேக்கும் தொடமாட்டார். அந்த வீதிச் சனமெல்லாம் அவர் கதவைச் சாத்திப்போட்டு ஒளிச்சு மீன் தின்னுறார் எண்டு கதைக்குது."

ஜெஸ்மினுடைய கணினியிலேயே புத்தகம் முழுவதும் இருந்தது. பேணாட் பார்த்தார். 'இல்லத்தரசி இசைக்கும் இராகங்கள்' என்ற தலைப்பில் அவருடைய ஆக்கம் புள்ளி, காற்புள்ளி பிசகாமல் கிடந்தது. மரியம்மா கமலாம்பிகை ஆகியிருந்தார். பாரை கத்தரிக்காய் ஆகியிருந்தது. கத்தரிக்காயின் செவிளைத் தூக்கிப் பார்த்தீர்களா என்று கமலாம்பிகை கேட்டார். "நீங்கள்தானே அடிச்சனீங்கள், இது உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்று பேணாட் சத்தம் போட, ஜெஸ்மின் உண்மையாகவே மனம் நொந்துபோனார். "அடிக்கிற ஆக்கள் வாசிச்சா வேலை முடியுமா அண்ணன்? ஊரில வாற புத்தகம் எல்லாத்தையும் வாசிக்கவேணும் எண்டா நான் கடையைப் பூட்டவேணும்" என்றார்.

பேணாட்டுக்குத் துக்கம் முதலில் வந்ததா, தான் களவெடுக்கத்தக்க எழுத்தாளன் என்ற பெருமிதம் முதலில் வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியோ நடவடிக்கையில் இறங்கினார். வலைப்பூ நடத்துகிற நிறுவனத்துக்கு முறையிட்டார். அந்த ஆக்கத்தை எழுதியவர் பேணாட்தான் என்பதைப் பேணாட் நிரூபிக்கவேண்டும் என்று ஓர் இயந்திரம் பதில் அனுப்பியது. பொலிசுக்குப் போனார். என்ன பொருள் களவுபோனது என்று சார்ஜன்ட் கேட்டார். ஏச்சு. ஆருடையது? மனைவியுடையது. சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, அந்தக் கள்ளன் திரும்பவும் வந்தா என்ர வீட்டு விலாசத்தையும் குடுங்கோ" என்றார்.

அதன் பிறகு பேணாட் பாதுகாப்பைத் தன் கையில் எடுத்தார். வலைப்பூவில் ஒருவரும் ஒரு சொல்லையும் தெரிவுசெய்யவோ பிரதி எடுக்கவோ ஏலாதபடி பூட்டினார். ஒவ்வொரு பந்திக்கும் குறுக்காகத் தன் பெயரைச் சாம்பல் நிறத்தில் ஓடவிட்டார். திறந்து பார்ப்பதற்கும் கடவுச்சொல் கேட்கும்படி செய்து, ஒருவரும் ஊகிக்கமுடியாத ஒன்றைப் போட்டார். அடுத்த நாளே அவராலும் ஊகிக்கமுடியவில்லை. அதுவும் போதாதென்று நினைத்தார். இந்த ஊரில் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்கள் எல்லாச் சமயத்துக்கும் கொண்டுபோய்க் காட்டுவது வழக்கம், விபத்துக்கு எந்தச் சமயம் பொறுப்பென்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. பேணாட் மடிக்கணினியைக் கொண்டுபோனார். பாதிரியார் கணினிக்கென்று தனிச் செபம் இல்லையென்று வருந்தி, வாகனத்துக்குரியதை வாசித்தார். கோயில் வாசலில் தேசிக்காய் வெட்டப்பட்டது. கிண்ணியாவில் ஸெய்னுதீன் லெப்பை ஒரு போத்தல் தண்ணீர் ஓதிக் கொடுத்து, வீட்டின் நாலு மூலைக்கும் தெளிக்கச் சொன்னார். களவு போனது வீட்டிலிருந்தல்ல, கணினியிலிருந்து என்று எண்ணிய பேணாட் கணினியின் நாலு மூலைக்கும் தெளித்தார். மிச்சத்தை நடுவில் ஊற்றினார். அது ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது. 'கறள்' அன்றிலிருந்து பூரண பாதுகாப்பில் இருந்தது. எழுதியவர் உட்பட ஒருவராலும் அதைத் தொட ஏலாது.

கடைசியாக அவர் சாம்பல்தீவுக்கே போனார். சிவரூபன் மாடிவீட்டில் தனியாக இருந்தார். மனைவி பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதத்துக்கென்று கனடா போனவர், பேரப்பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்துகொண்டிருந்ததால் வருடக்கணக்காகத் திரும்பவில்லை. சிவரூபன் வந்தவரை மறுக்காமல் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தான் எடுத்ததை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட முறைதான் கொஞ்சம் உயரமாக இருந்தது.

"தம்பி, ஒரு படைப்பு வெளியில வந்தாப் பிறகு அது ஆருடைய சொத்துமில்ல. அது காற்று."

"அப்ப ஏன் அண்ணை உங்கட பேரைப் போட்டனீங்கள்?"

"காற்றுக்கும் ஒரு விலாசம் வேணுமே."

அப்போது குசினிக்குள் இருந்து குரல் வந்தது. "இஞ்சருங்கோ பேணாட், மழை இருட்டுது, கொடியில உடுப்பு. நான்தான் ஓடவேணுமோ?" வெளியே கொளுத்தும் வெயில். சிவரூபன், "ஓம் ஓம், வாறன்" என்று எழும்பிப்போய், கொடியில் கிடந்த சாரங்களையும் சட்டைகளையும் அள்ளிக்கொண்டு வந்து, கதிரையில் வைத்து ஒவ்வொன்றாக மடித்தார். பேணாட்டுக்கு அந்த வசனம் நன்றாகத் தெரியும். அதற்கு எழும்பிப் போகலாம் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

"காலமையும் பின்னேரமும் சத்தமா வாசிப்பன்" என்றார் சிவரூபன். இப்போது அவருடைய குரலில் மேடை இல்லை. "வாசிச்சா வருவா. நடுவில ஒருக்கா காய்ச்சலாக் கிடந்தனான், வாசிக்கேல்ல, வரேல்ல. சந்தையில போய்ப் பாரை வாங்கிப் பழகிட்டன் தம்பி. சமைக்கிறதில்ல. கொண்டுவந்து காட்டுறது. ஏச்சு வாங்கினாப் பிறகு பூனைக்கு."

"அவ என்ர மனிசி அண்ணை."

"தெரியும். புத்தகத்தில பேரை மாத்தலாம், அவ மாறுறா இல்லையே. என்னையும் பேணாட் எண்டுதான் ஏசுறா. நானும் ஓம் எண்டு போறன்." மடித்த சட்டையை விரித்துத் திரும்பவும் மடித்தார். "விடச் சொல்லாதேங்கோ. ஏலாது."

பேணாட் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் வந்துவிட்டார். கள்ளனை ஏசுவதற்கென்று போனவர் தன் மனைவி ஏசுவதைக் கேட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தார். காற்று அந்தப் பக்கமாக வீசியதால் அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது.

புத்தக வெளியீட்டு விழா ஆடியில் நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: புத்தகம் பளபளக்கும் தாளில் சுற்றி, நாடாவால் கட்டப்பட்டிருக்கும். முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் வாங்குவார். அடுத்து அறிவிப்பாளர் பெயர் சொல்லக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்குப் போய், கடித உறையொன்றைக் கொடுத்து, சிறப்புப் பிரதி பெற்று, படமெடுத்து இறங்குவார்கள். சுற்றிய தாளை ஒருவரும் பிரிப்பதில்லை. பிரித்தால் வீட்டு அலுமாரியில் அழகாக இராது. எனவே எங்கள் மாவட்டத்தில் ஓர் எழுத்தைக் களவெடுத்தவன் பிடிபடுவதற்கு வேறெங்கும் இல்லாத தடையொன்று உண்டு. புத்தகம் வெளியானதும் அது முற்றாக மறைக்கப்பட்டுவிடுகிறது.

பேணாட் சட்டைப் பையில், விழாத் தலைவரிடம் கொடுப்பதற்கென்று உறையில் போட்ட முறைப்பாட்டுடன் போயிருந்தார். நயவுரை செய்தவர் நூலின் மண்வாசனையைப் பாராட்டினார். எந்த மண் என்று சொல்லவில்லை. வர்த்தகப் பிரமுகர், இலக்கியத்துக்குத் தன்னுடைய சீமெந்து முகவர் நிலையம் என்றும் கைகொடுக்கும் என்றார். பொன்னாடைகள் ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குப் போய்வந்தன. பிறகு சிவரூபன் எழும்பி, நன்றி சொல்வதற்குப் பதிலாக, அந்த ஆக்கத்தைச் சத்தமாக வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க, மேடைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சேட்டில ரெண்டு நாள் ஊத்தை, அதைப் போட்டுக்கொண்டு ஆரைப் பாக்க வெளிக்கிடுறீங்கள்? சாப்பிட்ட கோப்பையில கையைக் கழுவாதேங்கோ. மருந்து குடிச்சனீங்களோ? குடிச்சனான் எண்டு சொல்லுவீங்கள், குளிசை அப்பிடியே கிடக்கும்." ஒலிபெருக்கிக்காரர் வயரைக் கழற்றி மாட்டினார். குரல் நிற்கவில்லை. வர்த்தகப் பிரமுகர் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். தலைவர், மனைவியை அடக்கம் செய்து கனகாலமானவர், பையைத் தடவிக் குளிசை ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்த மண்டபத்தில், மீதிக் கதிரைகளில் இருந்த ஆண்கள் எல்லோரும் தத்தம் கோப்பைகளை நினைத்தவர்களைப்போலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பேணாட் எழும்பினார். "இது என்ர" என்று தொடங்கினார். ஒருவர் சபையில் எழும்பினால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டென்று பழக்கப்பட்ட அறிவிப்பாளர் அடுத்த சொல்லுக்கு விடவில்லை. "சிறப்புப் பிரதியைப் பெற்றுக்கொள்வதற்காகத் தாமாகவே முன்வரும் பெருந்தகை, உட்துறைமுக வீதி பேணாட் ஐயா அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கின்றோம்!" கைதட்டல் எழுந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அவர் நீட்டிய முறைப்பாட்டை, உறை உறைதான் என்பதால், சிவரூபன் இரண்டு கையாலும் வாங்கித் தட்டத்தில் வைத்தார். சுற்றிய புத்தகம் பேணாட்டின் கைக்கு வந்தது. கள்ளனும் பொருளின் சொந்தக்காரரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நிற்கும் படம் மறு ஞாயிறு பேப்பரில் வந்தது. கீழே 'எழுத்தாளரும் அவர்தம் ஆப்த நண்பரும்' என்று இருந்தது. முறைப்பாட்டை வீட்டில் பிரித்துப் படித்த சிவரூபன் அதன் நடையை மெச்சி, அடுத்த தொகுப்புக்கென்று எடுத்து வைத்ததாக அறிகிறோம்.

பேணாட் வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேசையில் வைத்தார். கணினி செத்துப்போயிருந்தது. கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. உலகத்தில் அந்த ஆக்கம் அவருக்கு எட்டக்கூடியதாக மிஞ்சியது இந்த ஒரு களவுப் பிரதியில்தான். அவர் நாடாவை அவிழ்த்தார், தாளைக் கிழித்தார். எங்கள் மாவட்டத்தில் சிறப்புப் பிரதியொன்று பிரிக்கப்பட்ட முதலாவது சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம். தான் எழுதியதை முதல் தரமாகச் சத்தமாக வாசித்தார். புத்தகத்தில் கத்தரிக்காய் என்று இருந்த இடத்தில் குசினியிலிருந்து பாரை என்று வந்தது. கமலாம்பிகை என்று அவர் வாசித்தபோது, குரல் சற்று நின்று, "ஆர் அவள்?" என்று கேட்டது. அது புத்தகத்திலும் இல்லை, வலைப்பூவிலும் இருந்ததில்லை. பேணாட் அவசரமாக அடுத்த வரிக்குப் போனார்.

அன்றிலிருந்து ஏச்சு இரண்டு வீட்டுக்கும் பொதுவானது. இங்கே வாசித்தால் அங்கே அடங்கும், அங்கே வாசித்தால் இங்கே. இருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, அவர்களுக்குள் கதையில்லை. ஆனால் காலை பேணாட்டுக்கு என்றும் பின்னேரம் சிவரூபனுக்கு என்றும் தானாக ஒரு முறை வந்துவிட்டது. பேணாட் கண்ணில் பூ வளர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை காலை ஏச்சும் சாம்பல்தீவுக்குப் போனது. வெளிக்கிட்டு வந்த அன்று கேட்காமலே திரும்பி வந்தது. கிராம சேவகர் மரியம்மாவை எந்த வீட்டில் பதிவதென்று யோசித்து, இறந்தவர் என்பது நினைவுக்கு வந்து பேனையை மூடினார். ஜெஸ்மின் கடை திறக்கும் நேரத்தில் வேலிக்கு மேலால், "அக்கா இண்டைக்கு நல்ல சூட்டில நிக்கிறா" என்பார். பேணாட், "மத்தியானத்துக்குள்ள ஆறிடும், பிறகு அவர்ட பாடு" என்பார். சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய குசினியில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமும்.

கடையொன்றில் கொடுத்துக் கணினியைத் திருத்தி, கடவுச்சொல்லையும் ஒருவாறு மீட்டெடுத்து, வலைப்பூவை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு, பேணாட் வலைப்பூவின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவித்தல் போட்டார்: இத்தளத்திலுள்ள ஆக்கங்கள் யாவும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை, அனுமதியின்றி எடுத்தாள்வோர்மீது பாரபட்சமின்றிக் கடும் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். அறிவித்தலுக்குக் கீழே கடலைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் புதிதாக நிறைய எழுதினார்.

எடுப்பதற்கு வேறு ஒருவரும் வரவில்லை.